அபிசாய் திரும்ப வாங்காத திமிங்கிலப் பல்

எங்கள் ஆற்றங்கரை ஊரில் அபிசாய்தான் குலத்தலைவர். கையெழுத்துப் போடுவார்; படிப்பது என்னைப் போலத்தான், தட்டுத் தடுமாறி. தலைநகர் சூவாவிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஆற்றில் கல் அள்ள அனுமதி கேட்டு வந்தபோது, நல்ல மனிதர்களாகத் தெரிகிறார்களே என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் மனைவி விலிமைனா சிப்பிக் கூடையை இறக்காமலே கேட்டாள்.

"எங்க அள்ளப் போறாங்க?"

"ஆத்து வளைவுல."

"அங்கதான நாங்க சிப்பி எடுக்கிறோம்? இனிமே உங்க கையெழுத்தையா வேக வச்சுத் திங்கிறது?"

மறுநாளே அபிசாய் தன் அப்பா வைத்திருந்த திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு கம்பெனி மானேஜரிடம் போனார். நானும் கூடப் போனேன். தரையில் உட்கார்ந்து, பல்லை இரு கையாலும் நீட்டினார்.

"ஐயா, யோசிக்காம ஒத்துக்கிட்டேன். வளைவை மட்டும் எங்களுக்கு விட்டுடுங்க."

மானேஜர் குனிந்து வாங்கிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம் தலைவரே."

எங்கள் வழக்கப்படி, கேட்டதைத் தர மனமில்லாதவன் பல்லைத் தொடமாட்டான். தொட்டால் தந்தாயிற்று. அந்த ஞாயிறு சர்ச்சில் கர்த்தருக்கு நன்றி சொன்னோம்.

மழைக்காலம் முடிந்ததும் கம்பெனியின் பொக்லைன் நேராக வளைவில் இறங்கியது.

வழக்குப் போட்டோம். கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அபிசாயிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒப்பந்தத்தை மாத்தினதா எழுத்துல இருக்கா?"

"பல்லை வாங்கினாரே."

"எழுத்துல, ஐயா."

"ரெண்டு கையாலயும் வாங்கினாரே."

மானேஜர் பொய் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் தெரியாமல், அன்பளிப்பு என்று நினைத்து ஆபீசில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார். எழுத்தில் இல்லாத எந்த மாற்றமும் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததாம். நீதிபதி அதைப் படித்துக் காட்டி, எங்கள் மனுவைத் தள்ளினார்.

வெளியே மானேஜர் பல்லைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க தலைவரே. இது உங்களோடது."

அபிசாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வாங்கினா, குடுத்த வாக்குலேருந்து உங்கள விட்டுட்டேன்னு ஆயிடும். கோர்ட்டு விட்டுடுச்சு. நான் விடல."

மானேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. பல்லை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

பஸ் ஏறுமுன், கூட வந்திருந்த விலிமைனா சிப்பிக்குப் பதிலாக டின் மீன் வாங்கினாள். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் எப்போதும் அபிசாய்தான் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஜெபம் சொல்வார். அன்று டின்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொல்லு" என்றார் அவளிடம்.