அச்சுக்குள் திரும்பிய தூண்

மண்ணூரில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் பல் கிளினிக். வருகிறவர்களில் பாதிப்பேர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடுதான் நாற்காலியில் சாய்வார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்தாள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நின்று சோதிக்கிற வேலை அவளுக்கு. கீழ்த்தாடையில் விழுந்துபோன இரண்டு கடைவாய்ப் பற்களுக்காக இம்ப்ளாண்ட் என்ற உலோக வேர்களைப் பதித்து, எலும்பு நன்றாகப் பிடித்த பிறகு அளவு எடுக்கக் கூப்பிட்டேன்.

ஒவ்வொரு இம்ப்ளாண்ட்டிலும் ஒரு சின்ன உலோகத் தூணைத் திருகி, துளையிட்ட ட்ரேயில் ரப்பர் மாவை நிரப்பி வாயில் அழுத்துவோம். இறுகியதும் துளை வழியே திருகைக் கழற்றினால் தூண்கள் அச்சோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தத் தூண்களின் அடியில் இம்ப்ளாண்ட்டின் நகலைப் பொருத்தி, பல் செய்துதரும் லேபுக்கு அனுப்ப வேண்டும். நகலை முறுக்கும்போது தூண் அசையாமல் இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது படிக்கும்போதே சொல்லித்தரும் பாடம்.

நான் பிடிக்கவில்லை. எத்தனை பார்த்தாயிற்று, விரலே போதும் என்கிற மிதப்பு. இரண்டாவது நகலை முறுக்கியபோது தூண் மாவுக்குள் லேசாகத் திரும்பியது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். பாவம், அவளுக்கு கம்பெனி பஸ் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பசித்தது. அந்த அச்சையே லேபுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்றாக இணைந்த இரண்டு பற்களும் லேபிலிருந்து வந்தன. ஒரு திருகை இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

“இன்னா மேடம், ஒக்காரலியா?”

“லேப்ல சொதப்பிட்டாங்க.”

அதோடு வாயை மூடியிருக்கலாம். அவள் எதிரிலேயே லேப்காரருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினேன். நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பிருந்தே பல் செய்கிற மனிதர் அவர்.

“நீங்க அனுப்புன அச்சுல வார்த்த மாடல்ல கரெக்டா ஒக்காந்துச்சு மேடம்,” என்றார். பிறகு அவரே, “சரி, புது அளவு அனுப்புங்க. திருப்பிப் பண்ணித் தர்றேன்.”

போனை வைத்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்: “எங்க லைன்லயும் இப்டி ஆவும் மேடம். பார்ட்ட புடிச்சிக்கிற ஃபிக்ஸர் ஆடிச்சின்னா, நல்ல பார்ட்டும் ஒக்காராது. பார்ட்டு மேல தப்பு இருக்காது.” பிறகு, “அன்னிக்கு நீங்க அத்த முறுக்கசொல்லோ ஒரு நிமிசம் அப்டியே நின்னீங்க. பஸ் போனா போவுது, இன்னொருக்கா எடுங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். டாக்டருக்குத் தெரியாததான்னு வுட்டுட்டேன். எம்மேலயும் தப்பு கீது.”

எனக்கு முகம் சுட்டது. தப்பில் பங்கு கேட்கிறாள், அதுவும் தப்பே செய்யாதவள். “சாரிம்மா, அச்சு ஆடிடுச்சு,” என்று மட்டும் சொன்னேன். இந்தமுறை தூணை இடுக்கியால் பிடித்து அளவு எடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, “அந்த லேப் அண்ணனாண்ட சொல்லிடுங்க மேடம்,” என்றாள். தலையாட்டினேன்.

அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். புதுப் பல் வரட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

புதுப் பல் வந்தது. இரண்டு திருகையும் இறுக்கினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த அண்ணனாண்ட சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன்மா.”

“அதான் மேடம். சொல்லிட்டா முடிஞ்சுது.”

பல் வந்த டப்பா அவள் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் திறந்து கிடந்தது. மூடியில் லேப்காரர் தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு: ‘போன தடவை நடந்ததுக்கு மன்னிக்கணும் மேடம். இந்த தடவை ரெண்டு முறை செக் பண்ணிட்டேன்.’

அவள் வாய் கொப்பளிக்கக் குனிந்தாள். நான் அந்த மூடியைக் கவிழ்த்து வைத்தேன்.