யாருமில்லாத இரண்டு வாரம்

ஜெல் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மீன் வைத்த வாழைக்காய் வடையைத் தின்றுகொண்டிருந்தார் எல்சிரா. மந்தா துறைமுகத்து மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். முடிவுத் தாள்களோடு அவருடைய ஸ்கேன் அறைக்குப் போயிருந்தேன்.

"சில்லுனு வயித்துல வச்சா தூக்கிவாரிப் போடும் தம்பி. ஏற்கனவே பயந்துதான் வர்றாளுங்க" என்றார், பாட்டிலைக் காட்டி.

மேசைக்கு மேல் மீன் ஆலைக் காலண்டர். சூரைமீன் படகுகள் கரைக்கு வந்த நாளும் போன நாளும் அதில் சிவப்பு மையில். கர்ப்பம் பார்க்க வருகிறவர்களிடம் எல்லா ஊரிலும் கடைசி மாதவிலக்கைத்தான் முதலில் கேட்பார்கள். எல்சிரா கேட்பது, "வீட்டுக்காரரு எந்தப் படகு?" எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

அன்று படுக்கையில் நார்சிசா. வெளியே நின்ற அவள் கணவன் காலோவிடம், "ஹார்மோன் அளவு நல்லா இருக்கு, ஆறு வாரம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். முடிவுத் தாளில் அச்சிட்டிருந்த வாரக் கணக்குப் பட்டியலில் ஆறாம் வாரத்து வரிசைக்கு அடிக்கோடு போட்டு, தாளையும் அவன் கையில் கொடுத்திருந்தேன். அதைக் கசக்கிக்கொண்டே உள்ளே வந்தான்.

"நான் கரையேறி இருபத்தெட்டு நாள்தான் ஆகுது. ஆறு வாரம்ங்கிறான் இவன். இவ அவங்க அம்மா வீட்டுக்கே போகட்டும்."

நார்சிசா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எல்சிரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் படகு?"

"லா பெர்பெத்துவா."

காலண்டரில் விரல் வைத்துப் பார்த்தார். "இருபத்தெட்டு நாள், சரிதான். நாங்க மாதவிலக்கு வந்த நாள்லேருந்து எண்ணுவோம். மொத ரெண்டு வாரம் உள்ள யாருமே இல்ல. அதக் கழி."

காலோ விரல்களை மடக்கினான். "நாலு."

"நாலு வாரத்துக்கு எத்தன நாளு? மீன எறக்கக்கூட நிக்காம வீட்டுக்கு ஓடிருக்க, பேச்சப் பாரு."

முதலில் சிரித்தது நார்சிசாதான். திரையில் அரிசியளவில் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. காலோ தாளைத் தொடையில் வைத்து நீவினான், நீவிக்கொண்டே இருந்தான்.

எல்சிரா இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறார். நான் கொண்டுபோகும் ஒவ்வொரு தாளிலும், பெயரைப் படிப்பதற்கு முன்பே, பட்டியலின் முதல் இரண்டு வாரத்தின் மேல் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துவிடுகிறார்.