நோகல, காந்துது

என்ர மாமி ஏசாத நாள் ஒண்டு வந்தால் அண்டைக்கு மழை பெய்யும் எண்டு எங்கட ஒழுங்கையில சனம் பகிடி விடும். இருபத்தொரு வருசம் அந்த வாயோட சீவிச்சவள் நான். உப்புக் கூடினால் ஏச்சு, குறைஞ்சால் ஏச்சு, அளவா இருந்தால் "இன்னைக்கு யாரு சமைச்சா?" எண்டு ஒரு கேள்வி. நானும் சும்மா விடுறேல்லை. ஒண்டுக்கு ரெண்டாத் திருப்பிக் குடுப்பன். அதால அந்த வாய் மூடினால் என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியும். சாகக்கிடக்கிற ஆக்களை வீடு தேடி வந்து பராமரிக்கிற அந்தச் சேவைக்கு அது தெரியேல்லை. அவையின்ர கடதாசியில மாமிக்கு நேர "அமைதியாக உள்ளார்" எண்டு எழுதிக் கிடந்தது.

அமைதியாம்! கண்டறியாத அமைதி.

மாமியாக்கள் மலைநாட்டுச் சனம். கலவரத்தோட தேயிலைத் தோட்டத்தை விட்டிட்டு வந்து பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தில காடு வெட்டிக் குடியேறினவை. நான் வன்னியிலயே பிறந்த ஒட்டுசுட்டான்காரி. கலியாணம் முடிச்சு வந்த புதுசில அவா கதைக்கிறது எனக்குப் பாதி விளங்காது, நான் கதைக்கிறது அவாவுக்குப் பாதி விளங்காது. சண்டை பிடிச்சுப் பிடிச்சுத்தான் ஒருத்தியின்ர தமிழை மற்றவள் படிச்சம்.

அவாவுக்குக் கருப்பையில புற்றுநோய். கண்டுபிடிக்கேக்க முள்ளந்தண்டு வரைக்கும் போயிட்டுது. "இனி வீட்டில வைச்சு நல்லாப் பாருங்கோ" எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். நல்லாப் பாக்கிறதெண்டால் எப்பிடி? அதை ஒருத்தரும் சொல்லேல்லை. பக்கத்து வளவுக்காரர்தான் இந்தச் சேவையைப் பற்றிச் சொன்னார். கிளிநொச்சியில இருந்து கிழமைக்கு ஒருக்கா வான் வரும். அதில ஒரு நேர்ஸ் வருவா. நேர்ஸ்மாரை நாங்கள் மிஸி எண்டுதான் கூப்பிடுறது. நோவுக்குப் போடுற மோர்பின் குளுசையும் அவாதான் கொண்டுவருவா. பூநகரிப் பக்கம் இப்பிடி வாறதுக்கு வேற ஒருத்தரும் இல்லை. பிறகு நடந்ததெல்லாம் இதிலதான் தொங்கிக்கொண்டு நிண்டது.

சந்தையில கத்தரிக்காய் வாங்கினாலே நாலுதரம் பிரட்டிப் பாக்கிறவள் நான். மாமியின்ர கடைசி நாளை ஒரு ஆளின்ர கையில குடுக்கேக்க பிரட்டிப் பாக்காமல் விடுவனோ? மிஸி வந்த அண்டு கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிண்டனான். வந்தவுடன கை கழுவினா, சரி. நிண்டபடி எழுதாமல் கட்டிலடிக்குக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா, சரி. படுக்கைப்புண்ணைத் துடைக்கேக்க மூக்கைச் சுழிக்கேல்லை, அதுவும் சரி. போன் நம்பர் தந்தா. அது வேலை செய்யுதோ எண்டு அடுத்தநாள் மத்தியானம் சும்மா அடிச்சுப் பாத்தன்.

"என்ன அக்கா? அம்மாவுக்கு என்ன?" எண்டு மிஸி பதறினா.

"ஒண்டுமில்லை மிஸி. எடுப்பியளோ எண்டு பாத்தனான்."

"எடுப்பன் அக்கா" எண்டிட்டு வைச்சா.

ஒண்டு மட்டும் எனக்குக் கொதியைக் கிளப்பினது. மிஸி தன்ர போத்தில் தண்ணியைத்தான் குடிப்பா. தேத்தண்ணி வைச்சுக் குடுத்தாலும் "வேண்டாம் அக்கா". தோட்டத்துச் சனத்தின்ர வீட்டில கை நனைக்காத ஆக்கள் எங்கட பக்கத்தில இருக்கினம். எனக்குத் தெரியாததோ? என்னைப் பெத்ததுகளே ஆறு வருசம் இந்த வாசல்படி மிதிக்கேல்லை. ரெண்டாம்தரம் வரேக்க முகத்துக்கு நேர கேட்டுப்போட்டன். பாவம், மனுசிக்குக் கிட்னியில கல்லாம். எங்கட கிணத்துத் தண்ணி உப்பு, அவாவுக்கு ஆகாதாம். எனக்கு முகம் செத்துப்போச்சு. ஆனாலும் கேட்டது பிழை எண்டு சொல்லமாட்டன். கேட்டபடியால்தானே தெரிஞ்சது.

பிழை வேற இடத்தில கிடந்தது. மிஸியின்ர கடதாசியில ஒரு கோடு இருக்கும், சைபரில இருந்து பத்து வரைக்கும். எவ்வளவு நோகுது எண்டு கேட்டு அதில வட்டம் போடவேணும்.

"அம்மா, நோகுதோ?"

"நோகல மிஸி."

"பத்துக்கு எத்தினை சொல்லுவியள்?"

"ஒன்னுமில்ல. இந்தக் கால்தான் காந்துது."

மிஸி சைபரைச் சுத்தி வட்டம் போட்டா. காந்துற காலுக்குப் பூசச் சொல்லி ஒரு கிறீம் தந்தா. அவாவை மட்டும் சொல்லி என்ன? எங்கட வாயில காந்துறதெண்டால் பச்சைமிளகாய் அரிஞ்ச கையில வாற எரிவு. கொஞ்சம் பொறுத்தால் போயிடும். நானும் ஒரு கிழமை அந்தக் கிறீமைப் பூசினன். பூசேக்க மாமி பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தா. கூச்சமாக்கும் எண்டு நினைச்சன். இப்ப நினைச்சால் என்ர கையை வெட்டி எறியலாம் போல கிடக்கு.

அந்தக் காலில துணி படவிடமாட்டா. போர்வையைப் போட்டால் உதறி எறிவா. மார்கழிப் பனியிலயும் கால் வெறுமையாக் கிடந்தது. "அம்மாவுக்குப் புழுக்கமா இருக்கும்" எண்டு என்ர மனுசன் சொன்னார். அந்தக் கிழமையில இருந்துதான் ஏச்சும் நிண்டது. முதல்ல எனக்கும் நிம்மதியாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு நாள், மூண்டு நாள். பிறகு பயம் பிடிச்சுது. ஒரு நாள் வேணுமெண்டே உப்பில்லாமல் ரசம் வைச்சுக் குடுத்தன். குடிச்சிட்டுக் கோப்பையைத் தந்தா. ஒரு வார்த்தை இல்லை.

கோப்பையை வைச்சிட்டு வந்து கட்டில்ல இருந்தன்.

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. நோகுதோ?"

"நோகல."

"என்னட்டையும் பொய்யோ?" எண்டு கத்தினன்.

அதுக்குத்தான் அவா வாயைத் திறந்தா. "நோவுன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வயசுல கொழுந்து பறிக்கப் போனவ நானு. மலையில நொந்துருக்கு, இங்க காடு வெட்டயில நொந்துருக்கு. நோவுன்னா படுத்து எந்திரிச்சாப் போயிரும். இது போவல. இது காந்துது புள்ள. அடுப்புக்குள்ள கால வச்சுட்டு எடுக்க முடியாம கெடக்கேன்."

நான் குசினிக்குள்ள ஓடிப்போய் மிஸிக்குப் போன் அடிச்சன். அழுகையும் கொதியும் சேந்து வந்தது. அவா பொறுமையாத்தான் கேட்டா. "அக்கா, நான் என்ன செய்ய? கடதாசியில மூண்டுதரமும் சைபர்தானே போட்டிருக்கு. நம்பர் ஏறினால்தான் டொக்டர் மருந்தை மாத்துவார்" எண்டா. பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொண்டும் சொன்னா. வாற செவ்வாய்க்கிழமை சேவையின்ர தரத்தைப் பாக்க மேலிடத்தில இருந்து ஆக்கள் வருகினமாம். எங்கட வீட்டைத்தான் காட்டப்போகினமாம். "நல்லமாதிரிக் கதையுங்கோ அக்கா. இந்தமுறை நல்ல அறிக்கை போகாட்டி பூநகரிப் பக்கம் வானை நிப்பாட்டிப்போடுவினம்."

என்ர மனுசன் அண்டு முழுக்க என்ர பின்னால திரிஞ்சார். "ஒன் வாய கொஞ்சம் அடக்கிக்கிட்டு இரு. இவங்களும் வராட்டி யாரு வருவா? அந்த மாத்திரையும் இல்லாமப் போயிரும்." அவர் சொன்னதில நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கொதியைத் தந்தது. நல்லம் எண்டால் வான் வரும், கால் காந்திக்கொண்டே கிடக்கும். நல்லமில்லை எண்டால் வானே வராமல் போகலாம். சும்மா தாற சேவை எண்டால் சாகிற மனுசியும் பல்லைக் காட்டிக்கொண்டு சாகவேணுமோ? நாலு நாள் யோசிச்சன். அவா அடுப்புக்குள்ள காலை வைச்சுக்கொண்டு கிடக்கேக்க நான் ஆருக்கு நல்ல பிள்ளைக்கு நடிக்கிறது? வாறது வரட்டும் எண்டு முடிவெடுத்தன்.

செவ்வாய்க்கிழமை காலமை ரெண்டு பேர் வந்தினம், எங்கட மிஸியோட. பைல் வைச்சிருந்த ஒரு ஐயா, வயசான ஒரு டொக்டர் அம்மா. ஐயா கதிரையில இருந்து பைலைத் திறந்தார். "சேவையின் தரம் தொடர்பாகத் தாங்கள் திருப்தி அடைகின்றீர்களா?" எண்டு வாசிச்சார். மிஸி என்னைப் பாத்தா. என்ர மனுசன் நிலத்தைப் பாத்தார்.

"தரத்தை என்னட்டைக் கேக்காதேங்கோ ஐயா. உள்ளுக்குக் கிடக்கிறாவிட்டக் கேளுங்கோ."

"அம்மாவின் பதிவு நன்றாக இருக்கிறதே. நோவின் அளவு சைபர். அமைதியாக உள்ளார்" எண்டார்.

எனக்கு வந்ததே ஒரு கொதி! "அமைதியோ? உந்த மனுசி என்னை ஏசி இண்டைக்கு இருபத்திரண்டு நாள். உப்பில்லாத ரசத்தைக் குடிச்சிட்டுப் பேசாமல் கிடக்கிறா. உங்கட கடதாசியில அதுக்குப் பேர் அமைதி. எங்கட வீட்டில அதுக்குப் பேர் வேற."

டொக்டர் அம்மா சிரிக்க வெளிக்கிட்டவா, என்ர முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டினா. எழும்பி உள்ளுக்குப் போனா. நாங்களும் பின்னால போனம்.

"அம்மா, நோகுதோ?"

"நோகலீங்க" எண்டா மாமி. அறை வாசலில நிண்ட ஐயா தலையை ஆட்டினார்.

"முழுக்கச் சொல்லுங்கோ மாமி!" எண்டன்.

"நோகல. காந்துது."

"எப்பிடிக் காந்துது?" எண்டு டொக்டர் அம்மா கேட்டா. அந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. மாமி அடுப்புக் கதையைச் சொன்னா. இடுப்பில தொடங்கிப் பெருவிரல் வரைக்கும் ஓடுது எண்டு விரலால காட்டினா. டொக்டர் அம்மா பஞ்சில ஒரு சின்னத் துண்டைப் பிய்ச்செடுத்து காலில பட்டும் படாமலும் வைச்சா. பஞ்சு! மாமி "ஐயோ சாமி" எண்டு குழறினா.

டொக்டர் அம்மா பஞ்சைக் கைக்குள்ள பொத்திக்கொண்டு, "இது நரம்பில வாற நோவு. குடுக்கிற மருந்து மட்டும் இதுக்குக் காணாது" எண்டு மிஸியைப் பாத்துச் சொன்னா. மிஸியின்ர கண் நிரம்பிட்டுது. அந்த நேரம் எனக்கு இரக்கம் வரேல்லை. வேற மருந்து எழுதி, அண்டைக்கே பூநகரிக்கு ஆளனுப்பி எடுப்பிச்சினம்.

அடுத்த கிழமை வான் வருமோ வராதோ எண்டு வாசல் படலையடியில நிண்டனான். வந்தது. மிஸி என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. "உங்களால எனக்கு நல்ல பேச்சு விழுந்தது அக்கா" எண்டா. "விழட்டும்" எண்டன். கடதாசியை எடுத்து மாமியின்ர பக்கத்தில இருந்தா. நோகுதோ எண்டதுக்குக் கீழ பேனையால தானே எழுதியிருந்தா: காந்துதோ? குடையுதோ? குத்துதோ? ஒவ்வொண்டாக் கேட்டா. அதுக்குப் பிறகு நான் அவாவோட கோவிக்கேல்லை.

அந்த வான் வர முதலே, புது மருந்து தொடங்கி நாலாம் நாள், மாமிக்கு ரசம் கொண்டுபோய்க் குடுத்தனான். ஒரு வாய் குடிச்சா. கோப்பையைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"ஏம்புள்ள, இது ரசமா, அரிசி கழுவுன தண்ணியா? ஒங்க ஊருல இதுக்குப் பேரு ரசமா?"

குசினிக்குள்ள ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதன். என்ர மனுசன் பயந்து ஓடிவந்து "என்னா, என்னா ஆச்சு?" எண்டார். "உங்கட அம்மா என்னை ஏசிப்போட்டா" எண்டன். அந்தாளும் அழுதுது. விசர்க் குடும்பம் எண்டு பாக்கிற ஆக்கள் சொல்லியிருப்பினம்.

புது மருந்தோட பதினாறு நாள் இருந்தா. ஏச்சுக்குக் குறைவில்லை. கடைசி நாள் காலமை மூச்சு கொஞ்சம் மாறினது. மிஸிக்குச் சொன்னன், வாறன் எண்டா. நான் கட்டில் காலடியில என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டன். மாமி கண்ணைத் திறந்தா.

"என்னா மரம் மாதிரி நிக்கிற? குளுருது. கால்ல போர்வையப் போடு."

போட்டன். ரெண்டு காலையும் மூடிப் போட்டன். உதறேல்லை. அவா கதைச்ச கடைசிக் கதை அதுதான். மிஸி வந்து சேர முதலே போயிட்டா.

எட்டாம் நாள் சடங்குக்குப் பிறகு மிஸி ஒரு கடதாசி கொண்டுவந்தா. சேவையின்ர தரம் எப்பிடி எண்டு குடும்பத்திட்டக் கேக்கிற கடதாசி. மூண்டு முகம் கீறிக் கிடந்தது. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஒண்டில புள்ளடி போடவேணுமாம். "எதில போட்டாலும் நான் கோவிக்கமாட்டன் அக்கா" எண்டா.

நான் ஒண்டிலயும் போடேல்லை. முகத்துக்குக் கீழ கிடந்த வெறும் இடத்தில எழுதினன். "கடைசி நாள் காலில போர்வை போட விட்டவா." மிஸி கையை நீட்டினா, நான் குடுக்கேல்லை. அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதிப்போட்டுத்தான் குடுத்தன்.

"மருந்து மாத்த முதல் இருபத்திரண்டு நாள் விடேல்லை. இதையும் சேத்து மேல அனுப்புங்கோ."