கேட்டுவிட்டுக் காத்திருந்த அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் துறைமுகத்து நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் கோபக்காரர். "அதைப் போயி மலர்ல எழுதுவாங்களா?" என்று மதினி கேட்டார். அதை விட்டுவிட்டால் இதில் இருப்பது வேறு யாரோ ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

சாயர்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்தோம். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. எனக்குப் பால்பல் விழவில்லை. அம்மாவையும் என்னையும் மாப்பிள்ளையூரணியில் குடிவைத்துவிட்டு, துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். உப்பு மூட்டை அறுத்த தோளில் அம்மா எண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் சுமந்துதான் நாங்கள் சாப்பிட்டோம்.

பிறகு மேஸ்திரி ஆனார். காலையில் துறைமுக வாசலில் ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டுகிறவருக்குத்தான் அன்றைக்கு வேலை. மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இருபது வீட்டு அடுப்பு அண்ணனின் ஒரு கையில் இருந்தது. அது தம்மை என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்த்துப் பேசாதவர்கள் பக்கமே அந்தக் கை நீண்டது.

புதிய துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். திரேஸ்புரம் சவரிமுத்து அண்ணன் ஒரு நாள், "மேஸ்திரி, மூட்ட தூக்குத கயிறு இத்துப் போச்சு. இதுல தூக்காண்டாம்" என்றிருக்கிறார். "ஏலே, மேஸ்திரி நீயா நானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் அண்ணன். மறுநாளிலிருந்து கை அவர் பக்கம் போகவில்லை. ஆனாலும் அவர் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

எட்டாம் நாள், மூட்டைகளைக் கட்டி மேலே தூக்கும்போது அந்தக் கயிறு அறுந்தது. அத்தனை மூட்டைகளும் கீழே விழுந்து சிதறின. கீழே நிற்க வேண்டிய ஆட்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கியிருந்ததால் உயிர்கள் தப்பின. "ஏம்லே, இத்தன பேரு இருந்தும் ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலியே!" என்று அண்ணன் கத்தினார். வயதான ஒருவர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: "சொன்னவன் வாசலுக்கு வெளிய நிக்கான், மேஸ்திரி."

அன்று மாலை அண்ணன் திரேஸ்புரம் போனார். அங்கே நடந்ததைச் சவரிமுத்து அண்ணனே எங்களிடம் சொன்னார். "தப்பு எம்மேலதான். நாளைக்கு வா" என்றாராம் அண்ணன். "வாரேன். ஆனா கயிறு இத்துப் போனா மறுபடியும் சொல்லுவேன்" என்றாராம் இவர். "அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

அதன்பின், முதல் மூட்டை தூக்குவதற்கு முன்னால், "யாரும் ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் காத்து நிற்பார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் திறந்தபோது அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. துண்டை முறுக்கிக்கொண்டே கேட்டாராம். பழைய கோபம் திரும்பி வந்த நாட்களும் உண்டு. அப்படிக் கத்திய மறுநாள் அந்த ஆளைத்தான் முதலில் கைகாட்டுவார். தம்மைத் தாமே பிடித்து நிறுத்துவது மூட்டை சுமப்பதைவிடப் பாரம் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார். "ஏளா, எங்கிட்ட ஏதும் சொல்லணுமா?" எனக்குச் சொல்ல இருந்தது. அந்த மெலிந்த முகத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்லண்ணே" என்றேன். அவர் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

துக்க வீட்டில் இதைச் சவரிமுத்து அண்ணனிடம் சொல்லி அழுதேன். "சொல்லியிருக்கணும் தங்கச்சி. அவரு தாங்குவாருன்னு நாங்க தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க அவர இன்னும் பழைய மேஸ்திரியாவே வச்சிருந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அண்ணனைத் தோளில் சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் கண்விழித்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் யார் மனத்தையாவது நோகடித்திருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறோம்.

அண்ணே, சொல்ல இருந்தது. பத்தாவது தேறி, டீச்சர் வேலைக்குப் படிக்க மனு எழுதி வைத்திருந்தேன். பொம்பளப் பிள்ளைக்கு இது போதும் என்று நீங்கள் கிழித்துப் போட்டீர்கள். பதினைந்து வருடம் அது எனக்கு வலித்தது. நீங்கள் கேட்டீர்கள், நான்தான் பயந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், அண்ணே.