எதிர்ப்பக்கமாக நடந்த அக்கா

பௌர்ணமி மாலைகளில் அடி அண்ணாமலையில் எங்கள் டீக்கடைக்கு முன்னால் கூட்டம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஒரே ஒரு பெண் மட்டும் அத்தனை பேருக்கும் எதிராக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி வருவார். அகதிகள் முகாமில் இருந்தவர். ஊருக்கே அவர் சிலோன் அக்கா.

பௌர்ணமி அன்று பகலெல்லாம் எங்கள் கடையில் கிளாஸ் கழுவிவிட்டுத்தான் நடக்கக் கிளம்புவார். மற்ற நாட்களில் கட்டட வேலை. போரில் கணவரை இழந்தவர், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் புடவையைத் தடுப்பாகக் கட்டி, இந்தப் பக்கம் சமையல், அந்தப் பக்கம் படிப்பு என்று இரண்டு பெண்களையும் நர்ஸ் ஆக்கினார். "எப்படிக்கா முடியுது?" என்று யாராவது உருகினால் அவருக்கு எரிச்சல் வரும். "முடியாம என்ன செய்யிறது?" என்பார்.

முடியாதது ஒன்று இருந்தது. ஊரை விட்டு வந்தபோது தங்கை வேறு படகில் ஏறியிருந்தாள். கரை சேர்ந்துவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். எந்த முகாமுக்கு அனுப்பினார்கள் என்று சொல்ல ஆளில்லை. முகாமை விட்டு வெளியூர் போக அனுமதி வேண்டும், கணக்கெடுக்கும்போது ஆள் இருக்க வேண்டும். ஊர் ஊராக எங்கே தேடுவது? தங்கைக்குச் சிவன் என்றால் உயிர். என்றைக்காவது இந்த மலைக்கு வருவாள் என்று நம்பினார். "எல்லாரும் போற பக்கம் போனா முதுகுதானே தெரியும். எனக்கு முகம் பாக்கவேணும்."

ஒருமுறை பெரியவர் ஒருவர் அவரை வழிமறித்துக் கத்தினார். "எதுக்கால வர்றியேம்மா, பாவம் ஜாஸ்தியா சேரும்னு தெரியாதா?" அப்பா கல்லாவை விட்டு எழுந்து போனார். "உடுங்க சாமி, அவங்க தங்கச்சியத் தேடுறாங்க" என்றார். பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். அக்கா அதற்குள் அடுத்த முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். முகாமில் சிமெண்ட் வீடுகள் வந்துவிட்டன. அக்காவுக்கு முடி நரைத்து, முழங்காலும் போய்விட்டது. போன பௌர்ணமி அன்று அவர் கூட்டத்தோடு கூட்டமாக, எல்லோரும் போகிற பக்கமே மெல்ல நடந்து போவதைப் பார்த்தேன். நம்பிக்கையை விட்டுவிட்டாரோ என்று மனசு பதறியது. ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னாக்கா, தேடுறத உட்டுட்டீங்களா?"

"ஆர் விட்டது?" என்று முறைத்தார். "அவளும் என்னைப் போலப் பிடிவாதக்காரி. என்னைத் தேடி வந்தா, அவளும் எதிர்ப்பக்கமாத்தான் நடப்பாள். ரெண்டு பேரும் அப்பிடியே நடந்தா எப்பிடிச் சந்திக்கிறது? இனி என்ர முகத்தை அவள் பாக்கட்டும்."

தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.