செராஃபிம் வீட்டில் இல்லை

வெலிச்கா தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு மறுபடி போவாள். தபால் ஆபீஸ் வரை போய்த் திரும்பிய நாட்களும் உண்டு, அது பூட்டுக்காக. நான் எதிர்வீடு. இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

"என்னக்கா, மறந்துட்டீங்களா?"

"மறக்கல மெத்தோதி. மறந்திருப்பேனோன்னு."

எங்கள் ஊரில் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்கிற தொழிற்சாலை இருந்தது. அதில் இருபத்தாறு வருடம் அவளுக்கு ஜோடி சேர்க்கிற வேலை. அச்சிலிருந்து வருகிற கட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்றின் வளைவு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். இரண்டை எடுத்து அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். நடுவில் தெரிகிற இடைவெளியைப் பார்த்தே அளவு சொல்வாள். பிறகு அளந்து பார்த்தால் அதுவாகவே இருக்கும். ஜோடி தவறி, அதை மாட்டிக்கொண்டு எவனாவது மலையிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்ற கவலைதான் அவளை அந்த வேலையில் அவ்வளவு காலம் வைத்திருந்தது. கவலைக்குச் சம்பளம் கிடைத்தது. ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது.

கணவர் செராஃபிம் வனத்துறையில் லாரி ஓட்டியவர். போன வருடம் ஜூலை ஒன்பதாம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டு மாடி அறையில் படுக்கப் போனார். ஐந்து மணிக்கு வெலிச்கா காபி கொண்டு போனபோது எழுந்திருக்கவில்லை.

மகள் நெவெனா ஸ்தாரா சகோரா நகரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். தனியாக இருக்காதே, இங்கே வந்துவிடு என்று குளிர்காலம் முழுவதும் போனில் ஒரே பேச்சு. கடைசியில் மார்ச் மாதம் ஒரு முடிவு சொன்னாள்.

"இந்தக் கோடை பாக்கலாம்மா. கோடை முழுக்க வீட்ல வாடகைக்கு ஒரு ஆள் தங்கிட்டா அப்புறம் நான் பேசமாட்டேன். இல்லன்னா செப்டம்பர்ல பெட்டியக் கட்டு. நானே கார் எடுத்துட்டு வர்றேன்."

வெலிச்கா அன்று மாலையே என் கடைக்கு வந்தாள். நகல் எடுத்துக் கொடுப்பதும் நோட்டீஸ் அச்சடிப்பதும் என் தொழில்.

"அங்க லிஃப்ட்ல ஏறணும் மெத்தோதி. நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"படியேறிப் போங்க."

"மூணாவது மாடியில மூச்சு நின்னுபோச்சுன்னா?"

குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆட்கள் வந்து இரண்டு நாள், மூன்று நாள் தங்குவார்கள். கோடையில் எங்கள் மலையைத் தேடி ஒருவரும் வருவதில்லை. எல்லோரும் கடலுக்குப் போய்விடுவார்கள். வாடகை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த இறங்கின வாடகையைப் பார்த்துத்தான் மார்லீன் எழுதினாள். பெல்ஜியத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுடைய ஊரில் ஒரு மாதம் இருக்கிற செலவில் இங்கே ஜூனிலிருந்து ஆகஸ்ட் முடிய இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மலை வேண்டும், கூட்டம் கூடாது, ஜன்னல் காட்டைப் பார்க்க வேண்டும். காட்டைப் பார்க்கிற ஜன்னல் மாடி அறையில்தான் இருந்தது.

வெலிச்கா மெத்தையை மாற்றினாள். கட்டில் அதேதான்.

மார்லீன் வருவதற்கு முந்தின காலை வெலிச்கா வாசல் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். செராஃபிமின் ஆறாம் மாத அஞ்சலி நோட்டீஸ். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று படம் போட்டு ஒட்டுவோம். வீட்டு வாசல், பஸ் ஸ்டாண்ட், தேவாலயத்துக்குப் பக்கத்துக் கம்பம், எல்லா இடத்திலும். எல்லாம் நான் அச்சடித்தவைதான். மூன்று வீடு தள்ளி இருக்கிற தோன்கா பால் வாங்கப் போகிறவள் நின்றுவிட்டாள். செராஃபிமின் தங்கை.

"என்ன அண்ணி, எங்கண்ணனச் சுரண்டுறீங்க?"

"வெயில்ல வெளுத்துப்போச்சு தோன்கா. மூஞ்சியே தெரியல."

"தெரியலன்னா புதுசு ஒட்டுவாங்க. சுரண்டமாட்டாங்க."

"வெளிநாட்டு அம்மா ஒருத்தங்க வர்றாங்க. வந்ததும் வாசல்லயே சாவு நோட்டீஸப் பாத்தா…"

"அப்ப குடி வர்றவளுக்கு வழிவிட்டு எங்கண்ணன் இறங்கிக்கணும். சரி. சுரண்டுங்க. மூக்கு இன்னும் ஒட்டியிருக்கு பாருங்க."

துக்கத்துக்காகக் கேட்டில் கட்டியிருந்த கறுப்பு ரிப்பனையும் வெலிச்கா அவிழ்த்தாள். வாசலில் இருந்த செராஃபிமின் ஷூக்களை மட்டும் எடுக்கவில்லை. ஆண் இல்லாத வீடு என்று தெரிந்தால் திருடன் வருவான் என்று ஒரு வருடமாகத் துடைத்துத் துடைத்து அங்கேயே வைத்திருந்தாள்.

எங்களுக்கு 'இல்லை' என்றால் தலை மேலும் கீழும் போகும். 'ஆமாம்' என்றால் பக்கவாட்டில். வெளிநாட்டுக்காரர்களிடம் மாற்றி ஆட்டவேண்டும் என்று நெவெனா போனில் அம்மாவுக்குப் பாடம் எடுத்திருந்தாள். வெலிச்கா கண்ணாடி முன் நின்று பழகினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தனக்குத் தானே ஒத்துக்கொண்டும் மறுத்துக்கொண்டும் நின்றாள்.

மார்லீன் வந்த அன்று நான் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோயிருந்தேன். கீழே மார்லீன் ஷூக்களைப் பார்த்திருக்கிறாள். கையிலிருந்த போனில் ஏதோ சொன்னாள். போன் எங்கள் மொழியில் கேட்டது: உங்கள் கணவர் பிறகு வருவாரா?

வெலிச்காவின் தலை மேலும் கீழும் போனது. பழகியதெல்லாம் போய்விட்டது. அவள் பொய் சொல்லவில்லை. இல்லை என்றுதான் சொன்னாள்.

மறுநாள் மார்லீன் தன் பெட்டியிலிருந்து இரண்டு சாக்லேட் டப்பாக்கள் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒன்று வெலிச்காவுக்கு. இன்னொன்றைச் சுவரில் இருந்த செராஃபிமின் படத்துக்கு நேரே நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் வெலிச்காவுக்குப் புரிந்தது. டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"ஜெர்மன்ல பேசினா அந்தம்மாவுக்குப் புரியும். நான் சொல்லிடறேன்க்கா," என்றேன். நான் ஜெர்மனியில் ஆறு வருடம் கட்டட வேலை பார்த்தவன்.

"என்னன்னு சொல்வ?"

"இறந்துட்டாருன்னு."

"எங்கன்னு கேட்டா? எந்த ரூம்னு கேட்டா?"

நான் அவள் வீட்டு மாடியைப் பார்த்தேன்.

"கேட்டதும் கிளம்பிடுவா. நெவெனா கார் எடுத்துட்டு வந்துடுவா. நீ ஒண்ணும் சொல்லாத."

மார்லீனுக்கு அந்த ஜூன் மாதம் நன்றாகவே போனது. காலை ஏழு மணிக்குக் கைத்தடியோடு பைன் காட்டுக்குள் போவாள். மதியம் மூக்கு சிவக்கத் திரும்புவாள். வெலிச்கா உருளைக்கிழங்கு துருவி புதினா போட்டு அடை சுட்டு வைத்திருப்பாள். மார்லீன் அதில் பாதி வட்டம் சாப்பிடுவாள். செர்ரிப் பழங்களைக் கிலோக் கணக்கில் வாங்கினாள். சாயங்காலம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து, தன் ஊரில் இன்று எத்தனை டிகிரி என்று போனில் பார்த்துத் திருப்திப்படுவாள். அவள் இருமினால் வெலிச்கா எழுந்து நிற்பாள். அவள் போனில் யாருடனாவது அதிக நேரம் பேசினால், திரும்பிப் போகத்தான் டிக்கெட் கேட்கிறாளோ என்று என்னிடம் வந்து கேட்பாள்.

மாதக் கடைசியில் மார்லீன் காட்டுப் பாதை வரைபடம் ஒன்றை நகல் எடுக்கக் கடைக்கு வந்தாள்.

"உங்க எதிர்வீட்டுக்காரர் ஜெயிச்சிடுவாரா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"வெலிச்கா வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்ட்லயும் அவர் படம்தான், சர்ச் பக்கத்துலயும் அவர் படம்தான். பாவம், தேர்தல் வேலையில வீட்டுக்கு வரக்கூட நேரமில்ல போல."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் நாட்டில் சில வருடங்களாகத் தேர்தல் வந்துகொண்டேதான் இருக்கிறது. மற்ற கம்பங்களில் நிற்கிறவர்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு இப்படித்தான் பார்க்கிறார்கள்.

"கஷ்டம்தான்," என்றேன்.

இதை வெலிச்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"எந்தக் கட்சின்னு கேட்டாளா?"

"இல்லக்கா."

"கேட்டா என்ன சொல்றது?" என்றாள். பிறகு, "மத்ததையும் சுரண்டிடவா?"

"ஊர் முழுக்கவா?"

"தோன்கா என்னக் கொன்னுடுவா."

ஜூலை பிறந்ததும் தோன்கா கடைக்கு வந்தாள். ஓராண்டு நோட்டீஸ், முப்பது தாள். அதே படம், புது வாசகம். அவள் போன கொஞ்ச நேரத்தில் வெலிச்கா பின்பக்க வழியாக வந்தாள்.

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லு மெத்தோதி. ஆகஸ்ட் முடிய."

"ரெண்டு மாசம் எந்த மிஷின்க்கா கெட்டுக் கிடக்கும்?"

"பார்ட்ஸ் வரணும்னு சொல்லு."

சொன்னேன். வெலிச்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். தாள் வாங்க வந்த தோன்கா கல்லாவில் கையூன்றிக்கொண்டு கேட்டாள்.

"நேத்து நாயக் காணோம்னு எவனுக்கோ இருபது அடிச்சுக் குடுத்தியே, அது எந்த மிஷின்?"

"அதுக்கப்புறம்தான் கெட்டுச்சு."

"நாய்க்கு ஓடின மிஷின் எங்கண்ணனுக்கு ஓடாது. எங்கண்ணி வந்து அழுதாங்களா?"

நான் மிஷினைப் போட்டேன். தாள் வந்து விழுந்தது. செராஃபிம், செராஃபிம், செராஃபிம். தோன்கா ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் தேதிக்கு வெலிச்கா ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஏழு மணிக்கு மார்லீன் காட்டுக்குப் போய்விடுவாள். எட்டு மணிக்குத் தோன்கா ஒட்டட்டும். கல்லறைக்குப் போய்வந்து வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். பன்னிரண்டு மணிக்குள் கேட்டில் இருப்பதை மட்டும் ஈரத்தோடு உரித்துவிடலாம். இதை முதல் நாள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பன்னிரண்டில் ஒரு நிமிடம் குறைந்தது.

அன்று மார்லீனுக்குக் குதிகாலில் கொப்புளம். காட்டுக்குப் போகவில்லை.

கல்லறையிலிருந்து வந்து நாங்கள் கேட் அருகே நின்றபோது அவள் செருப்போடு முற்றத்துக்கு வந்தாள். மற்ற இடங்களை முடித்து வந்த தோன்கா பசையைத் தடவித் தாளை ஒட்டிக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். வெலிச்கா கோதுமைப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மார்லீன் கிட்டே வந்து பார்த்தாள். மேலே கறுப்புச் சிலுவை. படத்துக்குக் கீழே இரண்டு வருடங்கள், நடுவில் ஒரு கோடு. எண்கள் அவள் ஊரிலும் அதே எண்கள்தான். இரண்டாவது வருடத்தின் மேல் விரலை வைத்தாள். பசை ஈரத்தில் தாள் லேசாக நகர்ந்தது.

"இது தேர்தல் இல்ல," என்றாள் என்னிடம்.

"இல்ல."

"எப்ப?"

"போன வருஷம், இதே நாள்."

அவள் திரும்பி ஷூக்களைப் பார்த்தாள். "திரும்பி வருவார்னு சொன்னாங்களே."

தலையசைப்பு விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பாமல், தன் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில்.

"என்ன, அந்தம்மாவுக்குக் கழுத்து சுளுக்கா?" என்றாள் தோன்கா.

சமையலறையில் உட்கார்ந்தோம். தோன்கா ஒரு கிண்ணத்தில் கோதுமையை அள்ளி மார்லீன் முன் வைத்தாள். "சாப்பிடச் சொல்லு. அவர் பேரச் சொல்லிச் சாப்பிடணும்." மார்லீன் பேரைச் சொன்னாள், தப்பில்லாமல். நான்கு கரண்டி சாப்பிட்டாள். பிறகு கரண்டியை நிறுத்திக்கொண்டு விரலை மேலே காட்டினாள்.

"மேலயா?"

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. வெலிச்கா மேஜை விளிம்பைப் பிடித்தாள். தலையை எப்படி ஆட்டியிருந்தாலும் அதற்கு இரண்டு அர்த்தம் இருந்திருக்கும். பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். தலை அசையவில்லை.

"ஆமாம்," என்றாள்.

அந்த வார்த்தை மார்லீனுக்கு எங்கள் மொழியில் தெரியும். கரண்டியை வைத்தாள். எழுந்து, கொப்புளக் காலைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு படியாக மாடிக்குப் போனாள்.

"கீழ் ரூம்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணி?" என்றாள் தோன்கா மெதுவாக.

"இப்பச் சொல்றியே."

மேலே கதவு சாத்தியது. அலமாரி திறந்தது. நடை. பிறகு எதையோ இழுக்கிற சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது, தலைக்கு மேலே, குறுக்காக.

தோன்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "பெட்டி."

வெலிச்கா முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரம் இன்னும் மடியில் இருந்தது.

"பெட்டிக்குச் சக்கரம் இருக்கு," என்றாள். "இது நாலு காலு. கட்டில்."

நாங்கள் காத்திருந்தோம். சத்தம் ஜன்னல் பக்கம் போய் நின்றது. மரம் ஒருமுறை முனகியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"ஜன்னல் கிட்ட போட்டிருக்கா. அங்க தரை பள்ளம். ஒரு கால் நிக்காது. திரும்பிப் படுத்தா ஆடும்," என்றாள் வெலிச்கா. "ஆடினா தூக்கம் வராது. தூக்கம் வரலன்னா எதையெல்லாம் நினைப்பா?"

எழுந்தாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாக்லேட் டப்பாவை எடுத்து, சுற்றியிருந்த கண்ணாடித் தாளைப் பிரித்து, சாக்லேட்டுகளைக் கோதுமைப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். மூடியைக் கிழித்து ஒரு மடிப்பு மடித்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இன்னொரு மடிப்பு.

"ரெண்டு மில்லி இருக்கும்," என்றாள். "அந்தக் காலுக்கு நாலு வேணும்."

மூன்றாவது மடிப்பு மடித்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்றாள். இறங்கி வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினாள்.