மஞ்சள் தடவாத பத்திரிகை

ஊரில் இருந்தவரை தேன்மொழிக்குத் தபால் போடுகிறவர் யாருமில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகுதான் பேங்க் கார்டு, இன்சூரன்ஸ் என்று கவர் கவராக வந்தது. சத்தியவேடு பக்கத்தில் இருந்த அவள் வீடு பூட்டிக் கிடந்ததால் எல்லாம் சித்தூரில் இருக்கும் தம்பி கோபிகிருஷ்ணன் வீட்டுக்குப் போயின. அவன் சலித்துக்கொண்டான். அவனுக்கு எதற்குத் தொந்தரவு என்று திருப்பதியில் ஓர் ஆன்லைன் தபால் பெட்டிக் கடையில் முகவரி எடுத்தாள். அங்கே வேலை செய்யும் காவ்யா கவர்களைப் படமெடுத்து போனுக்கு அனுப்புவாள். சொன்னால் பிரித்தும் காட்டுவாள். அரபி வீட்டுச் சமையலறையில் நின்றபடியே தன் தபாலைப் பார்ப்பதில் தேன்மொழிக்குப் பெருமை.

தம்பி மகள் சந்தியா தாயில்லாப் பிள்ளை. இடுப்பில் சுமந்து வளர்த்தது தேன்மொழிதான். அவர்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது அத்தைக்கு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தாம்பாளத்தை வீடியோ காலில் காட்டினாலும் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணக் கவர் ஒன்றின் படம் வந்தது. மேலே தம்பியின் கையெழுத்து. பிரிக்கச் சொன்னாள். சந்தியாவுக்கும் சாய்குமாருக்கும் நாராயணவனம் கோயிலில் கல்யாணம், வருகிற புதன்கிழமை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள், காவ்யாவுக்கு போன் போட்டாள்.

"மூலையில மஞ்சள் இருக்குதா பாரும்மா."

"லேது அக்கா. வெள்ளையாதான் இருக்குது."

மஞ்சள் இல்லாத பத்திரிகை, பேருக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகுவது. கூடப் பிறந்த அக்காவுக்கா? போன வாரம்கூட மழை, மாங்காய் என்று அரைமணி நேரம் பேசினான், பாவி. ஒரு மாதம் முன்பே சொன்னால்தான் லீவு கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா கோபி, வாராவாரம் பேசிக்கினு இருக்கற, ஒரு வார்த்த சொன்னியா?"

"உன் பொட்டிக்கு அனுப்பிட்டேனேக்கா. நீதானே எல்லாத்தையும் அங்க அனுப்பச் சொன்ன?"

அவன் குரலைத் தணித்தான். "மாப்ள வூட்டாண்ட நீ நர்ஸுன்னு சொல்லிக்கினு இருக்கோம். நீ வந்தா நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க. கோச்சிக்காதக்கா."

"சந்தியாவுக்குத் தெரியுமா?"

"அவதான் தபால்ல போட்டுடலாம்னா."

தேன்மொழி போனை வைத்துவிட்டாள். தொந்தரவு வேண்டாமென்று அவள் எடுத்த முகவரியையே அவளை ஒதுக்கி வைக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் காவ்யாவே கூப்பிட்டாள். "அக்கா, கவரைக் கொயத்துக்கு அனுப்பட்டுமா? இங்க சாமி படத்தாண்ட மஞ்சள் இருக்குது. நானே நாலு மூலையிலயும் தடவி அனுப்பறேன்."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

"வேணாம்மா, பொட்டியிலயே கெடக்கட்டும். யாரு பெத்த பொண்ணோ, உனக்குத் தோணுது. நான் வளத்ததுக்குத் தோணல பாரு."